வீட்டிலேயே தண்ணீரால் குளிரும் கணினி: எந்தப் பாகம் எதனோடு பொருந்தும்?

கேத்தலின் அடியைத் தடவிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் வீடென்றால் அங்கே வெள்ளையாக ஒரு படை இருக்கும். சுண்ணக்கல்லுக்குள் ஊறிவந்த தண்ணீர் விட்டுப்போகும் படை அது. கணினியைத் தண்ணீரால் குளிர்விக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணீரால்?" என்பதுதான். நான் அப்போது சிரித்துவிட்டேன். இந்த வேலையில் அதைவிட நல்ல கேள்வியை அதன்பிறகு எவரும் என்னிடம் கேட்கவில்லை.

தண்ணீர்க் கணினியில் கைத்திறன் பாதியளவுகூட இல்லை, தெரிவுதான் வேலை. மில்லிமீற்றர், மரை, உலோகம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பத்து நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றாக ஓடும். ஒத்துப்போகாவிட்டால் ஒரே நிறுவனத்தின் பாகங்கள்கூட ஓடாது. கொழும்பில் இருப்பவர் ஒரு பிட்டிங் (குழாயைப் பாகத்தோடு இணைக்கும் துண்டு) குறைந்தால் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கித் தேடலாம். நாங்கள் தொலைபேசியில் கதைத்து, இரவு பஸ்ஸில் பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவர வேண்டிய சாமான் என்றால் நல்லூர்த் திருவிழாக் காலம்வரை காத்திருப்பு நீளும். ஆகவே எல்லாவற்றையும் முதலில் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு, ஒரே தடவையில் வாங்குவதே எங்களுக்கு ஏற்ற வழி. கீழே நான் தருவது பூட்டும் ஒழுங்கு அன்று, முடிவெடுக்கும் ஒழுங்கு.

தொழிற்சாலையிலேயே தண்ணீர் அடைத்து மூடி விற்கும் குளிர்விப்பான்களைப் பற்றி இங்கே பேசவில்லை. பம்ப், ரேடியேற்றர் (தண்ணீரின் சூட்டை ஃபான் காற்றுக்குக் கொடுக்கும் பாகம்), குழாய் என்று தனித்தனியாக வாங்கிக் கோர்க்கும் சுற்றுத்தான் விடயம். உங்கள் புரொசசரும் கிராபிக்ஸ் அட்டையும் சேர்ந்து 250 வாட்டைத் தாண்டாது என்றால், நல்லதொரு காற்றுக் குளிர்விப்பான் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்குமேலும் ஆசை இருந்தால் தொடருங்கள்.

படி 1: சூட்டைக் கணக்கிடுங்கள்

இரண்டு எண்கள் வேண்டும்: புரொசசர் உச்சமாக இழுக்கும் வாட், கிராபிக்ஸ் அட்டை இழுக்கும் வாட். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ரைசன் 7 7800எக்ஸ்3டி புரொசசரின் பெட்டியில் 120 வாட் என்று இருக்கும். மதர்போட் அதற்கு 162 வாட் வரை கொடுக்கலாம் என்பதுதான் அதன் எல்லை. இன்டெல் கோர் ஐ9 14900கே புரொசசரின் அடிப்படை அளவு 125 வாட், உச்சம் 253. அட்டைகளில் ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர் 220 வாட், 4080 என்றால் 320, 4090 என்றால் 450.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் 7800எக்ஸ்3டி புரொசசரையும் 4070 சூப்பர் அட்டையையும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். 162 உடன் 220 சேர்ந்தால் 382 வாட்.

ரேடியேற்றருக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: நூறு வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. ஃபானின் பரப்பு. அந்த அளவில், ஃபான்கள் மிதமான வேகத்தில் ஓடும்போது, தண்ணீர் அறையைவிட ஏறத்தாழ 10 பாகை கூடுதலாகச் சூடேறி நிற்கும். இந்த 10 பாகைதான் நாங்கள் கவனிக்க வேண்டிய இடம். குளிர்நாட்டில் 20 பாகை அறையில் தண்ணீர் 30 பாகையில் நிற்கும். சித்திரை வெயிலில் 33 பாகை இருக்கும் எங்கள் அறையில் அதே கணினியின் தண்ணீர் 43 பாகைக்குப் போகும். எவ்வளவு செலவழித்தாலும் தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. பம்புகளுக்குப் பொதுவாக 60 பாகைதான் எல்லை. ஆதலால் வெளிநாட்டவர் போடும் கணக்குக்கு மேலே ஒரு ஃபான் பரப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் உதாரணத்துக்கு நான்கு காணும். நான் ஐந்து போடுவேன். அதாவது 360 மி.மீ. ஒன்று, 240 மி.மீ. ஒன்று.

படி 2: புரொசசர், மதர்போட், மெமரி

இது எளிது, விரைவாகக் கடந்துவிடலாம். புரொசசர் கேட்கும் சொக்கெட்டும் (அது அமரும் இருக்கை) மதர்போட்டின் சொக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.5, இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700. ஏ.எம்.5 போட்களில் டி.டி.ஆர்.5 மெமரி மட்டுமே ஏறும். எல்.ஜி.ஏ. 1700 போட்களில் டி.டி.ஆர்.4 ஏறுபவையும் உண்டு, டி.டி.ஆர்.5 ஏறுபவையும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது.

புரொசசருக்கு மேல் அமர்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் வாட்டர் புளொக்கைப் பழையதாக வாங்குபவர்கள்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டும். எல்.ஜி.ஏ. 1150, 1151, 1200 சொக்கெட்டுகளில் பூட்டும் துளைகளுக்கு இடையே 75 மி.மீ. இருந்தது, 1700இல் அது 78 மி.மீ. ஆகிவிட்டது. மூன்று மில்லிமீற்றர்தானே என்று வளைத்துப் பூட்ட முனைய வேண்டாம். அதற்கென்று தனிப் பிடி வாங்க வேண்டும். பின்னர் வந்த 1851 சொக்கெட்டுக்கு 1700இன் பிடியே பொருந்தும். ஏ.எம்.4 புளொக் பெரும்பாலும் ஏ.எம்.5இல் அமரும்; ஆனால் ஏ.எம்.5 போட்டின் பின்தகட்டைக் கழற்ற இயலாது. தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்கும் புளொக் என்றால் அது உங்களுக்கு உதவாது.

படி 3: கிராபிக்ஸ் அட்டையும் அதன் புளொக்கும் ஒரே முடிவு

முதலில் அட்டையை வாங்கிவிட்டுப் பிறகு புளொக் தேடுபவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். 4070 சூப்பர் என்ற ஒரே பெயரில் பல நிறுவனங்கள் அட்டை விற்கின்றன. சிப் ஒன்றுதான், அதைச் சுற்றியுள்ள சுற்றுப்பலகை ஒவ்வொருவருக்கும் வேறு. முழு அட்டையையும் மூடும் புளொக் அந்தப் பலகையின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் அளவெடுத்துக் கடையப்பட்டது. தைத்த சட்டை போல. அண்ணனுக்குத் தைத்தது தம்பிக்குச் சரிவராது. சில நேரங்களில் அதே நிறுவனம் அதே மாதிரியின் பலகையை இடையில் மாற்றிவிடுவதும் உண்டு.

ஆகவே முதலில் கிடைக்கக்கூடிய புளொக் எது என்று பாருங்கள். அதைச் செய்பவர் தரும் பொருந்து பட்டியலில் உள்ள அட்டையின் முழு மாதிரி எண்ணை எழுதி எடுத்து, கடையில் உள்ள பெட்டியின் ஒட்டுத்தாளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அட்டையைக் கழற்றினால் உத்தரவாதம் போகுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள்; திருகாணியின் தலையில் ஒட்டிய சின்ன வட்டத் தாளைக் காட்டி "இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று சொல்லும் கடைகள் உண்டு. புளொக்கோடு வரும் வெப்பப் பஞ்சுகளின் தடிப்பும் முக்கியம். 1 மி.மீ. கேட்ட இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால் சிப்புக்கும் புளொக்குக்கும் இடையே வெளி விழுந்துவிடும்.

பொருந்தும் புளொக் கிடைக்கவில்லையா? அட்டையை அதன் சொந்த ஃபான்களோடு விட்டுவிட்டுப் புரொசசரை மட்டும் தண்ணீரில் ஓடவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 4: கேசிங்கும் ரேடியேற்றரும்

நான் பணத்தை இழந்த இடம் இது என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

"மேலே 360 ரேடியேற்றர் பொருந்தும்" என்று கேசிங்கின் பெட்டியில் இருந்தது. 360 என்பது மூன்று ஃபான்களின் நீளம் மட்டுமே. இரு முனைகளிலும் தண்ணீர் திரும்பும் தொட்டிகள் இருப்பதால் 360 ரேடியேற்றரின் உண்மையான நீளம் 390 முதல் 400 மி.மீ. வரை வரும். 240 என்பது ஏறத்தாழ 275 முதல் 280. நீளம் எனக்குச் சரியாக அமைந்தது, தடிப்பு அமையவில்லை. ரேடியேற்றர் 30 மி.மீ., அதன்கீழ் ஃபான் 25 மி.மீ., மொத்தம் 55. கேசிங்கின் கூரையிலிருந்து மதர்போட்டின் மேல் விளிம்புவரை இருந்த வெளி 50கூட இல்லை. ஃபான்கள் போட்டின் முன்பக்கமாகக் கீழே இறங்கி நின்றன. அங்கே என் மெமரிக் குச்சிகள், வண்ண விளக்கு வைத்த உயரமான தலையோடு, 44 மி.மீ. உயரத்தில் ஃபானை முட்டிக்கொண்டு நின்றன. விளக்கில்லாத சாதாரணக் குச்சிகள் பத்து மில்லிமீற்றர் அளவு குட்டை. கடைசியில் விளக்குக் குச்சிகளை நட்டத்துக்கு விற்றுவிட்டுச் சாதாரணமானவற்றை வாங்கினேன். என் கணினி இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் மூடுகிறது.

அதன்பிறகு நான் பின்பற்றும் முறை இது. வீட்டில் கிடக்கும் காட்போட் பெட்டியை வெட்டி, ரேடியேற்றரும் ஃபானும் சேர்ந்த அளவில் ஒரு கட்டை செய்கிறேன்: 398 நீளம், 120 அகலம், 55 தடிப்பு. அதைக் கேசிங்குக்குள் வைத்துப் பார்க்கிறேன். மூன்று இடங்களில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று, மெமரிக் குச்சிகளின் தலை. இரண்டு, போட்டின் மேல் மூலையில் புரொசசருக்கு மின்சாரம் தரும் எட்டு முனை வயர். அதன் கொண்டை வளைய இடம் வேண்டும். மூன்று, முன்பக்கத்தில் ரேடியேற்றர் வைத்தால் கிராபிக்ஸ் அட்டையின் நுனி. 360 மி.மீ. அட்டை பொருந்தும் என்று எழுதிய கேசிங்கில் முன்னால் 55 மி.மீ. கட்டை ஏறினால் மிஞ்சுவது 305தான். வாங்குவதற்கு முன் கேசிங் கையில் இராது என்பவர்கள் அதன் அளவுப்படத்தைப் பார்த்து இதே மூன்று கழித்தல்களையும் கொப்பியில் போடுங்கள்.

ரேடியேற்றரின் தகடுகள் எவ்வளவு நெருக்கம் என்பதையும் பாருங்கள். மிக நெருக்கமானவை வேகமான ஃபானைக் கேட்கும், தூசியையும் பிடித்து வைத்திருக்கும். வலிகாமத்துச் செம்மண் தூசி சன்னலடியில் ஒரு நாளில் எவ்வளவு படியும் என்பது உங்களுக்குத் தெரியும். இடைவெளி கூடியதை வாங்கி, முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை உள்ள கேசிங்கை எடுங்கள்.

இனித் திருகாணி. 25 மி.மீ. ஃபானை ரேடியேற்றரில் பூட்ட 30 மி.மீ. திருகாணி வரும், ஐந்து மில்லிமீற்றர் உள்ளே போகும். என்னிடம் இரண்டு குறைந்தது. பழைய டப்பாவில் கிடந்த 35 மி.மீ. திருகாணியை எடுத்தேன். மரை ஒன்றுதான், அழகாக ஏறியது. கடைசிச் சுற்றில் கைக்கு ஒரு சிறு இடறல் தெரிந்தது, பப்படம் நொறுங்குவது போல. பிறகு இறுகிவிட்டது. தண்ணீர் விட்டுச் சோதித்த இரவில் அந்தத் திருகாணியின் அருகே, தகடுகளின் நடுவில், ஒரு துளி உருண்டு திரண்டது. துடைத்தேன். பத்து நிமிடத்தில் இன்னொன்று. ரேடியேற்றருக்குள் தண்ணீர் ஓடும் தட்டையான குழாயைத் திருகாணியின் நுனி குத்தியிருந்தது. அந்த ரேடியேற்றர் இன்று என் மேசையில் தாள் பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது. மரை எம்3ஆ, எம்4ஆ, வேறா என்பதும் செய்பவருக்குச் செய்பவர் மாறும். ரேடியேற்றரோடு வந்த திருகாணிகளை எண்ணிப் பாருங்கள். துளைக்குக் கீழே காப்புத் தகடு வைத்த ரேடியேற்றர்களும் உண்டு. விலை சிறிது கூடினாலும் அதையே எடுங்கள்.

படி 5: உலோகம்

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருக்கக்கூடாது. நகைக்கு முலாம் பூசுபவரிடம் கேட்டால் காரணம் சொல்வார்: இரண்டு வேறு உலோகங்களை ஒரே திரவத்தில் வைத்துத் தொடுப்புக் கொடுத்தால் அது ஒரு பற்றரி. அந்தப் பற்றரியில் கரைவது அலுமினியம். மாதக்கணக்கில் மெல்ல அரித்து, சாம்பல் நிறச் சேறாக வந்து புளொக்கின் நுண்ணிய பள்ளங்களை அடைத்துவிடும்.

நல்ல புளொக்குகள் செம்பு, அல்லது நிக்கல் பூசிய செம்பு. பிட்டிங்குகள் பித்தளை. இவை ஒன்றோடொன்று சண்டை பிடிக்காதவை. ஆகவே ரேடியேற்றரும் செம்பு, பித்தளையால் ஆனதாக இருக்க வேண்டும். மலிவு ரேடியேற்றர்களில் பெரும்பகுதி அலுமினியம். கறுப்பு நிறம் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் அதுவும் உதவாது. எடை சிறிது காட்டிக்கொடுக்கும், செம்பு கைக்குக் கனமாக இருக்கும். விற்பவர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். மூடி விற்கும் குளிர்விப்பான்களில் அலுமினிய ரேடியேற்றரும் செம்புத் தகடும் ஒன்றாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றுக்குள் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்து மூடியிருக்கிறார்கள். அவற்றின் ஆயுளும் அந்த மருந்தைப் பொறுத்தது. அத்தகைய ஒன்றைக் கழற்றி உங்கள் சுற்றில் சேர்க்க வேண்டாம். தண்ணீர் தொடாத அலங்காரத் தகடு அலுமினியமாக இருந்தால் பாதகமில்லை.

படி 6: பம்பும் தொட்டியும்

டி5, டி.டி.சி. என்று இரண்டு குடும்பங்கள். டி5 உருவில் பெரிது, சத்தம் குறைவு, டி.டி.சி. சிறியது, கூடிய சூடு. இடம் இருந்தால் டி5. ஒன்றின் மேல்மூடி மற்றதற்குப் பொருந்தாது என்பதால் பம்பும் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை வாங்கினால் தலையிடி குறைவு. தண்ணீர் தொட்டியிலிருந்து தானாகவே பம்புக்குள் இறங்க வேண்டும். பம்ப் ஒரு நொடிகூட வறண்டு ஓடக்கூடாது.

டி5 உச்சத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். மதர்போட்டின் சாதாரண ஃபான் முனை ஒன்று பெரும்பாலும் 1 அம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து நேரே எடுத்து, வேகக் கட்டுப்பாட்டு வயரை மட்டும் போட்டில் குத்துங்கள்.

படி 7: குழாயும் பிட்டிங்கும்

கணினிப் பாகங்களின் துளை மரை ஏறத்தாழ எங்கும் ஒன்றே: ஜி கால் (G1/4). ஆகவே எவருடைய பிட்டிங்கும் எவருடைய புளொக்கிலும் ஏறும். மறுமுனையில்தான் சிக்கல். குழாயில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம். 10/13 என்ற பிட்டிங்கில் 10/16 குழாய் நுழையாது. அங்குலத்தில் விற்கும் இடத்தில் 3/8, 1/2 என்று இருப்பது 10/13. 3/8, 5/8 என்று இருப்பது 10/16. வன்குழாய் (வளையாத உறுதியான குழாய்) என்றால் வெளிவிட்டம் 14ஆ, 16ஆ என்பதே கேள்வி.

முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்வது 10/16 மென்குழாய், அதிலும் கறுப்பு ரப்பர் வகை. சுவர் தடிப்பு என்பதால் வளைவில் மடியாது. கண்ணாடி போன்ற மென்குழாய்கள் நாளடைவில் மங்கும். வன்குழாயில் ஆசை என்றால் பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் வகையைத் தவிர்த்து அக்ரிலிக் வாங்குங்கள். எங்கள் வெப்பத்தில் பம்ப் ஒருநாள் நின்றுபோனால் முதலில் இளகுவது பெட்ஜிதான்.

எண்ணிக்கை: பாகம் ஒன்றுக்கு இரண்டு துளை. புரொசசர் புளொக், அட்டைப் புளொக், ரேடியேற்றர் இரண்டு, பம்போடு தொட்டி என ஐந்து பாகங்கள். ஆகவே பத்து பிட்டிங். பன்னிரண்டு வாங்குங்கள். கூடவே தொண்ணூறு பாகை வளைவு நான்கு, தண்ணீரை இறக்க ஒரு ரீ (T) வடிவத் துண்டும் ஒரு சிறு வால்வும், அடைப்பு இரண்டு, உதிரி ரப்பர் வளையங்கள். வால்வு இல்லாமல் கட்டியவர்கள் பிறகு கணினியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஹார்ட்வெயார் கடையில் கால் அங்குலக் குழாய்ப் பிட்டிங் மலிவாகக் கிடைக்குமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். அது மரையை இறுக்கி அடைப்பது. இது ரப்பர் வளையத்தை அழுத்தி அடைப்பது. வெள்ளை டேப் சுற்றி இறுக்கினால் அக்ரிலிக் தொட்டி வெடிக்கும்.

படி 8: எந்தத் தண்ணீரால்?

கிணற்றுத் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, போத்தலில் விற்கும் குடிநீரும் இல்லை. காய்ச்சி வடித்த நீரோடு அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் சேர வேண்டும். இரண்டும் கலந்த செறிவுத் திரவம் சிறு போத்தலில் வரும்; வெளிநாட்டிலிருந்து வருபவர் பெரிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டுவர அதுவே வசதி. வடித்த நீரைப் பற்றரிக் கடையில் வாங்கலாம். அங்கே அமிலமும் அதே போன்ற போத்தலில் இருக்கும், ஒட்டுத்தாளை வாசித்து வாங்குங்கள். மினுமினுப்பு கலந்த வண்ணத் திரவங்கள் பள்ளங்களில் படியும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

படி 9: மின்சாரம்

382 வாட்டோடு போட், டிஸ்க், ஃபான், பம்ப் எல்லாம் சேர்ந்து 480 அளவில் வரும். 750 வாட் பவர் சப்ளை போதும். ஒரு நிறுவனத்தின் பவர் சப்ளை வயரை இன்னொரு நிறுவனத்தினதில் குத்தாதீர்கள். முனை நுழையும், உள்ளே வயர் ஒழுங்கு வேறாக இருந்தால் டிஸ்க்கும் பம்பும் எரியும்.

2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்தது. அந்த நிலை இப்போது இல்லை என்றாலும் யூ.பி.எஸ். இல்லாமல் இப்படியொரு கணினியை வைத்திருக்க நான் துணியமாட்டேன். வாட் எண்ணைப் பாருங்கள், வி.ஏ. எண்ணை அல்ல, 1000 வி.ஏ. என்பது பெரும்பாலும் 600 வாட்தான். சைன் அலை தருவதாக இருந்தால் நல்லது, புதிய பவர் சப்ளைகள் சில சதுர அலையில் அணைந்துவிடும். கனடாவிலிருந்து யூ.பி.எஸ். கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230.

படி 10: வாங்கிய பின், பூட்டுவதற்கு முன்

ரேடியேற்றர்களை வடித்த நீரால் நான்கைந்து தடவை குலுக்கிக் கழுவுங்கள். உள்ளே ஈயப்பற்றுத் துகள் இருக்கும். சுற்றைக் கோர்த்து முடித்ததும் பவர் சப்ளையின் வயர்களில் பம்புக்குப் போவதை மட்டும் இணையுங்கள். போட், அட்டை, டிஸ்க் எதிலும் மின்சாரம் இருக்கக்கூடாது. 24 முனைக் கொண்டையில் பதினாறாவது முனையை ஏதாவதொரு தரை (ground) முனையோடு சிறு வயரால் தொடுத்தால் பவர் சப்ளை தனியே ஓடும். தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மீண்டும் நிரப்பி, குமிழி குறையும்வரை கேசிங்கைச் சற்று அங்கும் இங்கும் சாய்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு பிட்டிங்கின் கீழும் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்துவிட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள்.

அடுத்த நாள் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். காய்ந்த துளிகூட விளிம்பில் ஒரு வளையம் விட்டிருக்கும். வளையம் இருந்தால் அந்தப் பிட்டிங்கைக் கழற்றி, ரப்பர் வளையம் பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, கையால் மட்டும் இறுக்கி, இன்னொரு 24 மணி நேரம். எல்லாத் தாளும் வெறுமையாக இருந்தால் மீதி வயர்களைக் குத்தலாம்.